கைவண்ணம்: அமிர்தவல்லி

அமிர்தவல்லி இறந்துபோன செய்தியை எனக்குச் சொன்னவர், அதைச் சொல்லக் கொஞ்சமும் தகுதியில்லாத மனிதர். காலையில் ரசத்துக்குப் புளி கரைத்துக்கொண்டிருந்தேன். தொலைபேசியில் எங்கள் பழைய முதலாளியின் குரல். "நம்ம பொண்ணு பூடுச்சும்மா விமலா" என்றார். எனக்கு யாரென்று விளங்கவில்லை. "நம்ம அமிர்தம்மா" என்றார் மறுபடியும். அழுவதா, அந்த 'நம்ம'வுக்குக் கோபப்படுவதா என்று தெரியாமல் புளிக் கையோடு நின்றேன். கோபம்தான் முதலில் வந்தது. அழுகை வரச் சாயங்காலம் ஆயிற்று.

பதினாறாம் நாள் கள்ளக்குறிச்சியில் படத்திறப்பு நடந்தது. நீங்கள் பலரும் வந்திருந்தீர்கள். அமிர்தத்தின் படத்தைத் திறந்து வைத்தவரும் அதே முதலாளிதான். வயதில் மூத்தவர், ஒரு காலத்தில் வேலை கொடுத்தவர் என்று அவள் அக்கா வீட்டார் அழைத்துவிட்டார்கள். மனிதர் மாலையைப் போட்டார், கண்ணைத் துடைத்தார், பிறகு ஒலிபெருக்கியைப் பிடித்துக்கொண்டு, "போட்டோவுக்குக் கலர் தொடறதுல இருந்து பிளாஸ்டிக் ஏரோப்ளேனுக்குப் பெயிண்டு அடிக்கிறது வரைக்கும் அந்தப் பொண்ணுக்கு எல்லாம் நான் கத்துக் குடுத்தது" என்றார். நான் எழுந்துவிட்டேன். பக்கத்தில் இருந்த அமிர்தத்தின் அக்கா மகன் மோகன் என் கையைப் பிடித்து உட்கார வைத்தான். "வேணாங்க டீச்சர். சின்னம்மா படத்துக்கு முன்னாடி சண்ட வேணாம். நினைவு மலர் ஒண்ணு போடறோம், அதுல எழுதிக் குடுங்க" என்றான். அவனுக்காக அன்று உட்கார்ந்தேன். இப்போது எழுதுகிறேன். அவளை அறிந்தவர்கள் படியுங்கள். அந்த மனிதருக்கும் யாராவது வாசித்துக் காட்டுங்கள், கண்பார்வை மங்கிவிட்டதாகச் சொன்னார்.

நான் தமிழாசிரியையாகச் சங்கராபுரம் போவதற்கு முன்னால் இரண்டு மூன்று வருஷம் கள்ளக்குறிச்சியில் ஒரு போட்டோ ஸ்டுடியோவில் வேலை பார்த்தேன். பெண்களைப் படம் எடுக்கும்போது சேலை மடிப்பைச் சரிசெய்வது, தலையைத் திருப்பி உட்கார வைப்பது, ரசீது போடுவது என் வேலை. அமிர்தம் உள்ளறையில் இருந்தாள். கறுப்பு வெள்ளைப் படத்துக்குக் கலர் தொடுவாள், அம்மைத் தழும்பை மறைப்பாள், ஏர் பிரஷ் வைத்துப் பின்னணியில் மேகம் ஊதுவாள். இருவருக்கும் ஏறக்குறைய ஒரே வயது. அடக்கமானவள் என்று படத்திறப்பில் யாரோ சொன்னீர்கள். யாரைப் பற்றிச் சொன்னீர்களோ தெரியவில்லை. "இந்த ஊர்ல எவளுக்குடி இந்தக் கை இருக்குது?" என்று விரலை விரித்துக் காட்டுகிறவள் அவள்.

சிங்கப்பூரில் கப்பல் பட்டறை ஒன்றில் வேலை செய்த ஒருவர் தன் பெற்றோர் படத்துக்குக் கலர் தொடக் கொடுத்தார். அம்மா உயிரோடு எழுந்து உட்கார்ந்த மாதிரி இருந்ததாம். அடுத்த முறை ஊருக்கு வந்தபோது அமிர்தத்துக்கு ஒரு பெட்டி கொண்டுவந்து கொடுத்தார். உள்ளே துண்டு துண்டாக ஒரு பிளாஸ்டிக் கப்பல். ஒட்டிச் சேர்த்துப் பெயிண்டு அடிக்க வேண்டியது. அவள் தூரிகையால் அடித்தாள். நான் நன்றாக இருக்கிறது என்றேன். கப்பலை வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்துவிட்டு, "வாசல்ல சாணி மெழுகுனாப்ல கோடு கோடா இருக்குது. உனக்குக் கண்ணு அவிஞ்சி போச்சா?" என்று என்மேல் பாய்ந்தாள். அன்றைக்குப் பிடித்த பைத்தியம் அவளைச் சாகும்வரை விடவில்லை. கோடில்லாமல், திட்டில்லாமல், ஒரு பொட்டுத் தூசு இல்லாமல் பெயிண்டு உட்கார வேண்டும். அவள் வாழ்க்கையில் கேட்டது அவ்வளவுதான் என்று சொன்னால் பொய்யாகிவிடும். இன்னொன்றும் கேட்டாள், அதற்கு வருகிறேன்.

அந்தச் சிங்கப்பூர்க்காரரே அடுத்த முறை ஒரு பெரிய விமானம் கொண்டுவந்தார். மேலே வெள்ளை, கீழே கருநீலம் அடிக்க வேண்டிய பயணிகள் விமானம். அமிர்தம் அதைச் சோப்புத் தண்ணீரில் கழுவியதைப் பார்த்து முதலாளி சிரித்தார். அச்சிலிருந்து வரும்போதே பிளாஸ்டிக்கின் மேல் எண்ணெய்ப் பசை இருக்கும், அதைக் கழுவாமல் அடித்தால் பெயிண்டு பிடிக்காது என்பது அவருக்குத் தெரியாது. பெயிண்டு அடிக்கிற நாளில் அமிர்தம் நூல்சேலை கட்ட மாட்டாள், பிசிறு பறக்குமென்று நைலக்ஸ் கட்டிக்கொண்டு வருவாள். தரையில் தண்ணீர் தெளிப்பாள், மின்விசிறியை நிறுத்துவாள், என்னை மூச்சுவிடக்கூடாது என்பாள். மின்சாரத்தை நம்ப முடியாத ஊர். அதனால் பஞ்சர் கடையில் ஒரு லாரி டியூப்பில் காற்றடித்து உருட்டிக்கொண்டு வந்து, அதிலிருந்து ஏர் பிரஷ்ஷுக்குக் காற்று எடுத்துக்கொள்வாள். "மொத கோட்டுலயே மூடிடணும்னு நெனைக்காத. அடியில இருக்கிறது தெரியணும். தெரிஞ்சிக்கினே மெல்ல மெல்ல மறையணும்" என்பாள். முதல் கோட்டு போட்டதும் விமானம் சொறி பிடித்த மாதிரிதான் இருக்கும். பார்த்துக்கொண்டு சும்மா இருக்க மனசு வேண்டும்.

இடஒதுக்கீடு கேட்டு மறியல் நடந்த வருஷங்கள் அவை. மரத்தை வெட்டிச் சாலையில் போட்டிருப்பார்கள், நாற்சந்தியில் டயர் எரியும், பஸ் வருமா வராதா என்று யாருக்கும் தெரியாது. என் அண்ணன் மறியலில் இருந்தான். எங்கள் சனங்களுக்குப் பங்கு வேண்டுமென்று தெருவில் நின்றவனை நான் இன்றைக்கும் குறை சொல்ல மாட்டேன். ஆனால் அந்த டயர் புகை ஸ்டுடியோவின் உள்ளறை வரைக்கும் வந்தது. அமிர்தம் அடித்த வெள்ளையில் ஈரம் காய்வதற்குள் கரித்தூள் இறங்கிப் பொரிப் பொரியாக ஒட்டிக்கொண்டது. வாட்டர் பேப்பர் என்கிற உப்புத்தாளைத் தண்ணீரில் நனைத்துத் தேய்த்துவிட்டு மறுபடி அடித்தாள். மறுபடி புகை. மூன்றாவது முறை தேய்க்கும்போது, "உங்க அண்ணங்கிட்ட சொல்லி ரெண்டு நாளு டயரு கொளுத்தாம இருக்கச் சொல்லேன்டி" என்றாள். சொன்னால் என்னைக் கொளுத்திவிடுவான் என்றேன்.

கடைசியில் அவள் வெள்ளிமலைக்குப் போனாள். அவளுடைய அக்காவைக் கல்வராயன் மலையில் கட்டிக் கொடுத்திருந்தார்கள். மலையில் டயர் இல்லை, புகை இல்லை, காற்று சுத்தமாக இருக்கும் என்று கணக்குப் போட்டாள். லாரி டியூப்பைப் பஸ் கூரையில் ஏற்றிக்கொண்டு போனவள் உலகத்தில் அவள் ஒருத்தியாகத்தான் இருக்க முடியும். அங்கே மேகம் வீட்டுக்குள் வரும் என்பதை மறந்துவிட்டாள். அப்போதெல்லாம் அவள் அடித்தது டூக்கோ, காருக்கு அடிக்கிற வகை. தின்னரில் கலந்து ஊதினால் ஊதின கையோடு காயும். அப்படிக் காயும்போது காற்றில் ஈரம் இருந்தால் அதையும் உள்ளே இழுத்துக்கொள்ளும். கருநீலம் முழுக்கச் சாம்பல் பூத்துவிட்டது. அதற்குள் கீழே மறுபடி மரம் வெட்டிப் போட்டுவிட்டார்கள், பஸ் நின்றுபோய் மலையிலேயே மாட்டிக்கொண்டாள். சும்மா இருக்கவில்லை. அத்தனையையும் தேய்த்து எடுத்துவிட்டு, மலையிறங்கும் ஜீப்பில் வந்து சேர்ந்தாள்.

"டூக்கோ சகவாசமே வேணாம்டி. அவசரத்துல காயறது எதுவும் உருப்படாது" என்றாள். வீட்டுக் கதவுக்கு அடிக்கிற சாதாரண எனாமலை வாங்கி, டர்பென்டைனில் தளர்த்தி, பழைய நைலக்ஸ் துணியில் வடிகட்டி அடித்தாள். அது காய நாள்கணக்கில் ஆகும். தூசு விழாமல் ஒரு அட்டைப் பெட்டியைக் கவிழ்த்து மூடிவைத்துக் காத்திருந்தாள். புகை அடங்கியிருந்த நாளாகப் பார்த்து அடித்ததால் பொரியும் விழவில்லை. கடைசியில் பல்பொடியைக் குழைத்து ஈரத்துணியால் தேய்த்தாள். அந்த வெள்ளையை நான் எப்படிச் சொல்வது? வேகவைத்து உரித்த முட்டையைத் தொட்டிருக்கிறீர்கள் அல்லவா, அதுதான். விரல் எங்கும் நிற்கவில்லை. இறக்கையிலிருந்து வால் வரைக்கும் வழுக்கிக்கொண்டு போயிற்று. அமிர்தம் என்னைப் பார்த்துச் சிரிக்கக்கூட இல்லை, நெஞ்சில் கைவைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள்.

டூக்கோ மாறி எனாமல் ஆன விவரம் எங்கள் இருவருக்கு மட்டும் தெரியும். முதலாளி உள்ளறைக்கு வந்து எட்டிப் பார்த்ததோடு சரி.

விமானத்தை ஸ்டுடியோ வாசலில் கண்ணாடிப் பெட்டியில் வைத்தார்கள். கூட்டம் கூடியது. அமிர்தம் முதலாளியிடம் ஒன்றே ஒன்று கேட்டாள், செய்தது யாரென்று ஒரு அட்டை எழுதி வைக்க வேண்டும். அட்டை வந்தது. அதில் 'கைவண்ணம்' என்று போட்டு, கீழே முதலாளியின் பெயர் இருந்தது. அவள் நேராகப் போய்க் கேட்டாள். நான் அப்போது ரசீது மேசையில் இருந்தேன். ஒரு சொல் விடாமல் காதில் விழுந்தது.

"கோச்சிக்காதம்மா. ஊர் கெடக்கிற கெடயில உம் பேரப் போட்டா யாரு, எந்தத் தெருன்னு கேப்பாங்க. காலனிப் பொண்ணுன்னு தெரிஞ்சா இன்னா ஆவும்? கண்ணாடிய ஒடைச்சிட்டுப் பூடுவான். கலாட்டா அடங்கட்டும், மாத்திக்கலாம்."

"கலாட்டா ரோட்டுலதான மொதலாளி நடக்குது? அட்டையில இன்னா கலாட்டா?"

"உன் நல்லதுக்குத்தான் சொல்றேன்."

அவள் திரும்பி வந்தாள். தெருவில் ஒரு கூட்டம் தன் பெயரைப் பட்டியலில் சேர்க்கச் சொல்லிப் போராடிக்கொண்டிருந்தது. அதையே சாக்காக வைத்து, கடைக்குள் ஒருத்தியின் பெயரை எடுத்துப் போட்டுக்கொண்டார் இந்த மனிதர். போராட்டக்காரர்கள் யாரும் அந்தக் கண்ணாடிப் பக்கம் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. என் அண்ணன் ஒருநாள் நின்று பார்த்தான், "யாரு செஞ்சது, நல்லா இருக்குதே" என்றான். அமிர்தம் என்றேன். "அந்தப் பொண்ணா? கெட்டிக்காரிதான்" என்று சொல்லிவிட்டுப் போனான். கலாட்டா அடங்கியது. அட்டை மாறவில்லை.

சங்கராபுரத்தில் ஒரு ரைஸ் மில்காரர் புதுவீடு கட்டினார். அவருக்கு விமானத்தின்மேல் ஒரு கண். கிரகப்பிரவேசத்துக்கு அதைப் பரிசாகக் கொண்டுவருவதாக முதலாளி வாக்குக் கொடுத்துவிட்டார். அமிர்தத்திடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. அவளுக்கு வந்த பெட்டி, அவள் அடித்த பெயிண்டு. பெண்களைப் படம் எடுக்கத் துணைக்கு எங்கள் இருவரையும் கூட்டிக்கொண்டு போனார். விமானம் முதலாளி மடியில் காரில் போயிற்று. ஏர் பிரஷ்ஷையும் எடுத்துக்கொண்டார், விருந்தாளிகளுக்கு வித்தை காட்டுவதற்கு. பின்னால் வந்த வண்டியில் காற்றடைத்த லாரி டியூப்பைக் கட்டிப் பிடித்துக்கொண்டு வந்தவள் அமிர்தம்.

கூடத்தில் வைத்ததும் மில்காரர் சுற்றிச் சுற்றிப் பார்த்தார். "எப்பிடிங்க இவ்ளோ நைஸா அடிச்சீங்க?" என்றார். முதலாளிக்குத் தலைகால் புரியவில்லை. "இது என்னாங்க, இப்பவே கிளியர் ஒரு கோட்டு குடுக்கறேன் பாருங்க, மூஞ்சி தெரியும்" என்று பையிலிருந்து புட்டியை எடுத்தார். டூக்கோ கிளியர், பெயிண்டுக்கு மேலே பளபளப்புக்காக அடிக்கிற நிறமில்லாத பூச்சு. தின்னர் வாசனை கூடம் முழுக்க வந்தது. நான் அமிர்தத்தைப் பார்த்தேன். எனாமலின் மேல் அதை அடித்தால் என்ன ஆகும் என்று எனக்கே தெரியும், அவள் எத்தனை முறை சொல்லியிருக்கிறாள். முதலாளியும் ஒரு கணம் தயங்கி அவளைப் பார்த்தார். அடிக்கலாமா என்று கேட்கத்தான் நினைத்தார். மில்காரர், அவர் சம்சாரம், ரிஷிவந்தியத்திலிருந்து வந்த சம்பந்திகள், அத்தனை பேர் முன்னால் எப்படிக் கேட்பார்? அமிர்தம் குனிந்து டியூப்பின் வால்வைத் திறந்துவிட்டாள்.

முதலாளி தாராளமாக அடித்தார். சொட்டச் சொட்ட அடித்தார். கொஞ்ச நேரம் விமானம் கண்ணாடியாக மின்னியது, கூடத்தில் கைதட்டினார்கள். பிறகு வெள்ளை மெல்ல அசைந்தது. காய்ச்சின பாலில் ஆடை சுருங்குமே, அப்படி மூக்கிலிருந்து வால்வரைக்கும் சுருங்கிக்கொண்டே போயிற்று. அங்கங்கே பிளந்தது. கருநீலம் தோலாக உரிந்து தொங்கியது. தின்னர் பிளாஸ்டிக் வரைக்கும் இறங்கி, இறக்கை நுனி இளகிக் கீழே வளைந்தது. "அய்யய்யோ, இன்னாங்க இது, புதுவூட்ல?" என்று மில்காரர் சம்சாரம் வாயைப் பொத்திக்கொண்டார்.

முதலாளி அமிர்தத்தின் பக்கம் திரும்பி அலறினார். "அடியில இன்னா பெயிண்டு அடிச்சன்னு நீ ஏண்டி சொல்லல?"

சொன்னது என்ன என்று அவருக்கே அப்புறம்தான் உறைத்தது. அமிர்தம் நிமிர்ந்து நின்று, எல்லாருக்கும் கேட்கிற மாதிரி, மரியாதையாகச் சொன்னாள். "கைவண்ணம் உங்களுதாச்சே மொதலாளி. அடிச்சவருக்குத் தெரியாததா?"

மில்காரர்தான் முதலில் சிரித்தார். பிறகு சம்பந்திகள் சிரித்தார்கள். முதலாளியின் காதுமடல் சிவந்ததை நான் பக்கத்தில் நின்று பார்த்தேன். அது எனக்குப் போதவில்லை. இன்னும் கொஞ்ச நேரம் சிரித்திருக்கலாம் அவர்கள்.

திரும்பும்போது எங்களை வண்டியில் ஏற்றவில்லை. பஸ் ஸ்டாண்டு வரைக்கும் நடந்தோம். உரிந்துபோன விமானத்தைச் சேலைத் தலைப்பில் சுற்றி வைத்திருந்தாள். மூன்று முறை தேய்த்து, மலையேறி இறங்கி, பல்பொடியால் மெருகிட்ட சாமான். "உனக்கு வலிக்கலையாடி?" என்று கேட்டேன். தலைப்பை இன்னொரு சுற்று இறுக்கிச் சுற்றினாள். "வலிக்காம? வவுறு எரியுது. ஆனா ருசியாவும் இருக்குதுடி" என்றாள். பிறகு அழுதாள். பழிவாங்க அவள் தன் பிள்ளையையே கொடுத்துவிட்டு வந்திருந்தாள்.

மறுநாளே இருவருக்கும் வேலை போயிற்று. நான் படித்து டீச்சரானேன். அவள் சைன்போர்டு எழுதினாள், வண்டிகளுக்கு நம்பர் எழுதினாள், கையில் காசு சேரும்போதெல்லாம் பெட்டி வரவழைத்துக் கப்பலும் விமானமும் செய்தாள். உங்களில் பலர் வீட்டுக் கூடத்தில் அவை இருக்கின்றன. திருப்பிப் பாருங்கள், அடிவயிற்றில் அவள் பெயர் பொடி எழுத்தில் இருக்கும். அதன்மேல் ஒருபோதும் கிளியர் அடிக்க மாட்டாள்.

நான் அவளோடு சண்டை போட்டது ஒரே ஒரு விஷயத்துக்கு. பல வருஷம் கழித்து முதலாளியின் மனைவி இறந்தார். இருந்த ஒரே படம் பூச்சி அரித்திருந்தது. மனிதர் அதைத் தூக்கிக்கொண்டு அமிர்தத்தின் வாசலில் வந்து நின்றார். இவள் வாங்கி வைத்துக்கொண்டாள். கண்ணும் மூக்குத்தியும் அப்படியே வந்த மாதிரி எழுதிக் கொடுத்தாள். எனக்கு உடம்பெல்லாம் பற்றி எரிந்தது.

"வெக்கமா இல்ல உனக்கு?" என்றேன்.

"செத்த பொம்பள மேல எனக்கு இன்னாடி கோவம்? அந்தம்மா எனக்கு மோரு குடுத்திருக்குது."

"அந்த ஆளு மன்னிப்பு கேட்டானா?"

"கேக்கல. அழுதாரு."

"அழுதா ஆச்சா?"

"எனக்கு ஆச்சு" என்றாள்.

ஆஸ்பத்திரியில் கடைசியாகப் பார்த்தபோதும் அதையே சொன்னாள். மூச்சு வாங்கிக்கொண்டு, என் விரலைப் பிடித்துக்கொண்டு, "நீ இன்னும் அத்த வச்சிக்கினு திரியற. விட்டுடுடி. அவருக்கும் வயசாயிடுச்சி" என்றாள். நான் தலையாட்டினேன். சாகப்போகிறவளிடம் தலையாட்டத்தான் முடியும்.

விட்டிருப்பேன் என்றுகூடத் தோன்றுகிறது. படத்திறப்பன்று அவர் வாயைத் திறக்காமல் மாலையை மட்டும் போட்டுவிட்டு இறங்கியிருந்தால் விட்டிருப்பேன். செத்தவளால் வால்வைத் திறந்துவிட முடியாது என்ற தைரியத்தில், 'எல்லாம் நான் கத்துக் குடுத்தது' என்று அவள் படத்துக்கு முன்னால் நின்று சொன்னாரே, அதற்குப் பிறகு எப்படி விடுவது?

அமிர்தம் எனக்கு ஒரு கப்பலைக் கொடுத்திருக்கிறாள். நைலக்ஸ் சேலை ஒன்று அவள் நினைவாக இருக்கட்டும் என்று அவள் அக்கா கொடுத்தார். அவை வீட்டில் இருக்கின்றன. நான் அவளிடமிருந்து எடுத்து வைத்துக்கொண்டது அவையல்ல. அவள் இறக்கி வைத்துவிட்டுப் போன கோபத்தை எடுத்துக்கொண்டேன். அவளுக்கு அது பாரமாக இருந்திருக்கும். எனக்கு நன்றாகப் பொருந்துகிறது. இவ்வளவு எழுதியும் அந்த மனிதரின் பெயரை நான் ஓரிடத்திலும் எழுதவில்லை. வாசித்துக் காட்டுகிறவர்கள் அதையும் அவரிடம் சொல்லுங்கள். கலாட்டா அடங்கட்டும், போட்டுக்கொள்ளலாம்.